அக்கா கொடுத்த சிறுநீரகமும் என்கே செல்லும்: பொருத்தம் பார்த்த பிறகும் ஏன் இப்படி?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். நான்கு வருடங்களுக்கு முன் அக்கா கொடுத்த சிறுநீரகம். பாதி மேட்ச், கிராஸ்மேட்ச் நெகட்டிவ், தைரியமாகச் செய்யலாம் என்று அப்போது சொன்னார்கள். இப்போது கிரியாட்டினின் (ரத்தத்திலிருந்து சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவு) 1.2-இலிருந்து 1.7-க்கு ஏறியதால் பயாப்சி, அதாவது சிறுநீரகத்திலிருந்து ஒரு சிறு துணுக்கு, எடுத்திருக்கிறார்கள். சிறுநீரகத்தின் நுண்குழாய்களில், அதாவது மிகச் சின்ன ரத்தக் குழாய்களில், அழற்சி, ஆன்டிபாடித் தாக்குதலின் தடயமாகத் தேடும் சி4டி கறை நெகட்டிவ், அக்காவுக்கு எதிரான ஆன்டிபாடியும் ரத்தத்தில் இல்லை என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. “என்கே செல்லின் வேலையாக இருக்கலாம்” என்று டாக்டர் சொன்னதோடு சரி. அது என்ன செல், அதை அடக்க மருந்து உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் மனதில் ஓடுவது வேறு என்று எனக்குப் படுகிறது. எல்லாம் பொருந்தியது என்றார்களே, மாத்திரையை ஒரு வேளைகூட விடவில்லையே, பிறகு எங்கே தப்பு நடந்தது? கடைசி வரியில் “தன் கிட்னியில்தான் ஏதோ குறையோ என்று அக்கா அழுகிறாள்” என்று எழுதியிருந்தீர்கள். அதற்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் சிகிச்சை தரும் டாக்டர் இல்லை. உறுப்பு கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் பொருத்தம் பார்க்கும் ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவள். உங்கள் பயாப்சி ஸ்லைடை நான் பார்க்கவில்லை. எந்த மாத்திரையைக் கூட்டலாம், எதைக் குறைக்கலாம் என்று நான் சொல்லவும் கூடாது. அந்த ரிப்போர்ட்டில் இருக்கும் சொற்களுக்கு என்ன பொருள், அதில் எது உறுதியாகத் தெரிந்தது, எது இன்னும் விவாதத்தில் இருக்கிறது என்பதைச் சொல்ல முடியும்.

முதலில் ‘மேட்ச்’ என்ற சொல். குடும்பங்கள் ஏமாந்துபோவது இந்தச் சொல்லில்தான். நம் உடம்பின் கிட்டத்தட்ட எல்லா செல்களும் எச்எல்ஏ என்ற அடையாளப் புரதங்களை மேலே ஏந்திக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கான மரபணுக்கள் 6-ஆம் குரோமோசோமில் ஒரே கொத்தாக இருக்கின்றன. அப்பாவிடமிருந்து ஒரு கொத்து, அம்மாவிடமிருந்து ஒரு கொத்து என்று பெரும்பாலும் மொத்தமாகவே பிள்ளைக்கு வரும். அதனால் உடன்பிறந்த இருவருக்கு இரண்டு கொத்தும் ஒன்றாக அமைய நான்கில் ஒரு வாய்ப்பு. ஒரு கொத்து மட்டும் ஒன்றாக இருக்க நான்கில் இரண்டு. எதுவுமே ஒட்டாமல் போக நான்கில் ஒன்று. நீங்களும் அக்காவும் நடுவில் உள்ள வகை. ரிப்போர்ட்டில் 3/6 என்று போட்டிருப்பார்கள். அந்த ஆறு எவை என்றால் ஏ, பி, டிஆர் என்ற மூன்று இடங்களில் இரண்டிரண்டு. அந்நியமானதைத் தாக்கும் வெள்ளணுவான டி செல்லும், அதில் போய் ஒட்டும் புரதமான ஆன்டிபாடியும் எதைப் பார்த்தால் கொதிக்கும் என்ற கணக்கில் பல பத்தாண்டுகளுக்கு முன் வகுத்த முறை இது. சி என்று இன்னோர் இடம் இருக்கிறது. அது அந்த ஆறில் கிடையாது. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிராஸ்மேட்ச் வேறு பரிசோதனை. உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தட்டு, அதில் கடுகு போட்டால் நிரம்பிவிடும் அளவுக்குச் சின்னச் சின்னக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் உங்கள் சீரம் (ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீர்) ஒரு மைக்ரோலிட்டர் விடுவோம், அக்காவின் வெள்ளணுக்களை விடுவோம், அப்புறம் முயல் ரத்தத்திலிருந்து எடுத்த காம்ப்ளிமென்ட், அதாவது ஆன்டிபாடி ஒட்டிய செல்லைத் துளைத்துக் கொல்லும் புரதங்கள். சாயம் சேர்த்து ஒளிர்வு நுண்ணோக்கியில் பார்த்தால் உயிரோடு இருக்கும் செல் பச்சை, செத்தது ஆரஞ்சு. குழி முழுக்கப் பச்சையாக இருந்தால் நெகட்டிவ். இரவு இரண்டு மணிக்கு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் குடும்பத்தை நினைத்துக்கொண்டு அந்தப் பச்சையைப் பார்க்கும்போது வரும் நிம்மதி எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஆனால் அந்தத் தட்டு கேட்பது ஒரே ஒரு கேள்வி. கொடுப்பவரின் செல்லைக் கொல்லும் ஆன்டிபாடி பெறுபவரின் சீரத்தில் இருக்கிறதா? பெறுபவரின் செல் ஒன்றுகூட அந்தக் குழியில் இல்லை. அவருடைய என்கே செல் என்ன செய்யும் என்று அந்தத் தட்டு எப்படிச் சொல்லும்? நான்கு வருடம் முன்பு உங்களுக்குச் சொன்னது பொய் இல்லை. அன்று கேட்ட கேள்விக்குச் சரியான பதில்தான் சொன்னார்கள்.

இப்போது என்கே செல்லுக்கு வருவோம். தமிழில் இயற்கைக் கொல்லி செல் என்பார்கள். ரத்தத்தில் உள்ள லிம்ஃபோசைட்டுகள் என்ற வெள்ளணு வகையில் ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்திலிருந்து பதினைந்து வரை இவைதான். டி செல் ஒரு எதிரியைத் தாக்க வேண்டுமென்றால் முதலில் அதைச் சந்தித்து, பெருகி, பயிற்சி பெற வேண்டும். அதற்குப் பல நாட்கள் ஆகும். எந்த முன்பயிற்சியும் இல்லாமல் சில புற்று செல்களைக் கொல்லும் ஒரு வகை வெள்ளணு இருப்பதை 1975-இல் ஸ்டாக்ஹோமில் கரோலின்ஸ்கா கழகத்தின் ரோல்ஃப் கீஸ்லிங், ஈவா கிளைன் குழுவும், அமெரிக்காவில் ரொனால்ட் ஹெர்பர்மன் குழுவும் தனித்தனியே எழுதினார்கள். பிறவியிலேயே கொல்லத் தெரிந்தது என்பதால்தான் அந்தப் பெயர்.

எங்கள் ஆய்வகத்தில் இதைப் பார்க்க கே562 என்ற ரத்தப் புற்று செல்களை வளர்த்து வைத்திருப்போம். அவை மேலே எச்எல்ஏ அடையாளம் இல்லாதவை. ஒரு ஆரோக்கியமான ஆளின் ரத்தத்திலிருந்து பிரித்த என்கே செல்களை அவற்றோடு கலந்து கண்ணாடித் தகட்டில் விட்டுப் பார்த்திருக்கிறேன். கே562 உருண்டையாக, பெரிதாக இருக்கும். என்கே செல் அதைவிடச் சின்னது, உள்ளே மணல் தூவியது போலத் துகள்கள். மெல்ல நகர்ந்து வந்து உரசும். சில இடங்களில் உரசிவிட்டு நகர்ந்துவிடும். சில இடங்களில் நின்றுவிடும். நின்ற இடத்தில் அந்தத் துகள்கள் எல்லாம் தொட்டுக்கொண்டிருக்கும் பக்கமாக ஒதுங்கும். கொஞ்ச நேரத்தில் பெரிய செல்லின் ஓரத்தில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி, அது சுருங்கி உதிரும். துகள்களில் இருப்பவை பெர்ஃபோரின், கிரான்சைம் என்ற புரதங்கள். முதலாவது துளை போடும், இரண்டாவது உள்ளே போய்ச் செல்லைத் தற்கொலைக்குத் தள்ளும். கொன்ற என்கே செல் அடுத்ததைத் தேடிப் போகும். பக்கத்திலேயே இருக்கும், அதே ஆளின் சாதாரண வெள்ளணுக்களை அது தொடுவதில்லை.

ஏன் தொடுவதில்லை என்பதில்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது. அதற்கு ஒரு எலிக் கதை சொல்ல வேண்டும். 1950-களிலிருந்தே உறுப்பு மாற்ற ஆராய்ச்சியாளர்களைக் குழப்பிய ஒன்று உண்டு. இரண்டு வேறு வேறு தூய வம்ச எலிகளைச் சேர்த்துக் குட்டி போட வைத்தால், குட்டிக்கு அப்பாவின் அடையாளமும் இருக்கும், அம்மாவின் அடையாளமும் இருக்கும். அப்பா எலியின் தோலை எடுத்துக் குட்டிக்கு ஒட்டினால் ஒட்டிக்கொள்ளும். அந்நியமானது எதுவும் அதில் இல்லையே. ஆனால் அதே அப்பா எலியின் எலும்பு மஜ்ஜையைக் கொடுத்தால் குட்டி நிராகரித்துவிடும். எலிகளில் திசுப்பொருத்த மரபணுக்களைக் கண்டறிந்து பின்னாளில் 1980-இல் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஸ்னெல்லும், குஸ்தாவோ குட்கோவிச்சும் இதைப் பதிவு செய்தார்கள். அப்போதைய விதிகளின்படி இது நடக்கவே கூடாது.

விடை கரோலின்ஸ்காவிலிருந்து வந்தது. கிளாஸ் கேரே என்ற ஆராய்ச்சியாளர் கேள்வியைத் திருப்பிப் போட்டார். டி செல் ‘இதில் அந்நியமானது ஏதாவது இருக்கிறதா’ என்று பார்க்கிறது. என்கே செல் ‘என்னுடையது ஏதாவது குறைகிறதா’ என்று பார்க்கிறது. அப்பாவின் மஜ்ஜையில் அந்நியமானது எதுவும் இல்லை, உண்மைதான். ஆனால் குட்டியின் என்கே செல் எதிர்பார்க்கும் அம்மாவின் அடையாளம் அதில் இல்லை. அதனால் கொன்றது. அடையாளத்தை இழந்த புற்று செல்களை என்கே செல் தாக்குவதையும், அடையாளம் இருக்கும்போது விட்டுவிடுவதையும் 1986-இல் அவர் குழு எலிகளில் காட்டியது. ‘காணாமல் போன சுயம்’ என்று இந்தக் கருத்தைச் சொல்லலாம். ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் கல்யாண வீட்டை வைத்துச் சொல்வேன். டி செல் வாசலில் நின்று தெரியாத முகத்தைத் தேடுபவர். என்கே செல் சந்தனம் பூசாத நெற்றியைத் தேடுபவர். தெரிந்த முகமாகவே இருக்கட்டும், சந்தனம் இல்லையென்றால் நிறுத்திவிடுவார்.

மனிதர்களில் இந்தச் சந்தனத்தைப் பார்க்கும் கண்களுக்கு கிர் என்று பெயர். என்கே செல்லின் மேல் பல வகை கிர் ஏற்பிகள் உண்டு. அவற்றில் முக்கியமான சில, எச்எல்ஏ-வின் சி என்ற இடத்தைத்தான் பார்க்கின்றன. ஆமாம், அந்த ஆறில் சேர்க்காத சி. இந்த சி-யை என்கே செல்லின் கணக்கில் சி1, சி2 என்று இரண்டே பிரிவாகப் பிரிக்கலாம். சி1-ஐப் பார்க்க ஒரு கிர், சி2-ஐப் பார்க்க இன்னொரு கிர். தன் அடையாளத்தைப் பார்த்ததும் அந்தக் கிர் ‘கொல்லாதே’ என்று பிரேக் போடும்.

உங்கள் வீட்டில் இப்படி நடந்திருக்கலாம் என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். இது வெறும் உதாரணம், உங்கள் ரிப்போர்ட் என்னிடம் இல்லை. அப்பாவிடமிருந்து நீங்கள் இருவரும் ஒரே கொத்தை வாங்கியிருக்கிறீர்கள், அதில் சி1 இருக்கிறது. அம்மாவிடமிருந்து உங்களுக்கு வந்த கொத்தில் சி2. அக்காவுக்கு அம்மாவின் மற்றொரு கொத்து போயிருக்கிறது, அதில் சி1. இப்போது உங்கள் உடம்பில் சி2-ஐ மட்டும் பார்த்துப் பழகிய என்கே செல்கள் ஒரு கூட்டம் உண்டு. உங்கள் செல்களில் எங்கு பார்த்தாலும் சி2 இருக்கும், பிரேக் விழும். அக்காவின் சிறுநீரகத்தில் சி1 மட்டுமே. அங்கே அந்தக் கூட்டத்துக்குப் பிரேக் போட ஆளில்லை. இதில் ஒன்றைக் கவனியுங்கள். இதே கணக்கில் நீங்கள் அக்காவுக்குக் கொடுத்திருந்தால் இந்தச் சிக்கலே வராது, ஏனென்றால் அக்கா எதிர்பார்க்கும் சி1 உங்களிடம் இருக்கிறது. ஒரே ஜோடி, ஒரே ‘பாதி மேட்ச்’, ஆனால் போகும் திசையைப் பொறுத்து என்கே செல்லின் தீர்ப்பு மாறும். கிர் மரபணுக்கள் 19-ஆம் குரோமோசோமில் இருப்பதால் அவை எச்எல்ஏ-வோடு சேர்ந்து வருவதும் இல்லை. ஒவ்வொருவருக்கும் அது தனிச் சீட்டு. இரண்டு கொத்தும் ஒன்றாக உள்ள உடன்பிறப்பு கொடுத்திருந்தால் எச்எல்ஏ முழுக்க ஒன்றே, அப்போது ‘என்னுடையது காணோம்’ என்ற கேள்விக்கே இடமில்லை.

இதுவரை சொன்ன செல் அளவிலான விஷயங்கள் உறுதியானவை. கிர் பார்க்கிறது, பிரேக் விழுகிறது, பிரேக் இல்லாவிட்டால் கொல்கிறது என்பதைத் திரும்பத் திரும்ப நிரூபித்துவிட்டார்கள். அப்படியானால் பாதி மேட்ச் வைத்த எல்லோருக்கும் இது வர வேண்டுமே? வருவதில்லை. கணக்குப்படி ‘காணாமல் போன சுயம்’ உள்ள ஜோடிகள் ஏராளம், அவர்களில் பெரும்பாலோரின் சிறுநீரகம் அமைதியாக ஓடுகிறது. ஒரு காரணம், என்கே செல்லில் கிர் மட்டுமே பிரேக் இல்லை. என்கேஜி2ஏ என்று இன்னொன்று உண்டு. அது பார்ப்பது எச்எல்ஏ-இ என்ற அடையாளத்தை. அது மனிதருக்கு மனிதர் அதிகம் மாறாதது, ஆகவே அக்காவின் சிறுநீரகத்திலும் கிடைக்கும். இன்னொன்று, பிரேக் இல்லாதது மட்டும் போதாது, ஆக்சிலரேட்டரும் மிதிபட வேண்டும். ஒரு தொற்று, அறுவையின்போது ரத்தம் கிடைக்காமல் போன நேரம், இப்படி ஏதாவது சிறுநீரக செல்களை உசுப்பி வைத்திருந்தால் அந்த மிதி கிடைக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. என்கே செல்லுக்குச் சிறுநீரகத்தைத் தாக்க இன்னொரு வழி இருக்கிறது, அதற்குத்தான் ஆதாரம் அதிகம். என்கே செல்லின் மேல் சிடி16 என்ற கொக்கி உண்டு. ஆன்டிபாடியின் வால் பகுதியை அது பிடித்துக்கொள்ளும். கொடுத்தவருக்கு எதிரான ஆன்டிபாடி போய் நுண்குழாயின் உள்சுவரில் ஒட்டினால், அந்த வாலைப் பிடித்துக்கொண்டு என்கே செல் அங்கேயே வேலையை முடிக்கும். கனடாவில் எட்மன்டனில் ஃபிலிப் ஹாலரன் குழு பயாப்சித் துணுக்குகளில் எந்த மரபணுக்கள் விழித்திருக்கின்றன என்று பார்த்தபோது, ஆன்டிபாடி நிராகரிப்பு உள்ளவர்களின் துணுக்குகளில் என்கே செல்லின் தடயங்கள் தெளிவாக இருந்தன. 2010-இல் அதை வெளியிட்டார்கள். அதுவரை ஆன்டிபாடி என்றால் காம்ப்ளிமென்ட், காம்ப்ளிமென்ட் என்றால் சி4டி கறை என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். சி4டி நெகட்டிவ் என்றால் ‘ஆன்டிபாடி வேலை இல்லை’ என்று எழுதிய காலம் உண்டு. என்கே செல்லுக்குக் காம்ப்ளிமென்ட் தேவையில்லை, அதனால் கறை விழாமலே சேதம் நடக்கும். அந்த நாட்களில் நான் கையெழுத்துப் போட்ட ஆன்டிபாடி ரிப்போர்ட்டுகளில் எத்தனை அப்படித் தப்பாகப் படிக்கப்பட்டிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பதுண்டு.

ஏன் நுண்குழாய்? என்கே செல் ரத்தத்தில் மிதப்பது. அக்காவின் சிறுநீரகத்துக்குள் நுழைந்ததும் அது முதலில் தொடும் அக்காவின் செல், ரத்தக் குழாயின் உள்சுவர்தான். அதனால்தான் உங்கள் ரிப்போர்ட்டில் ‘நுண்குழாய் அழற்சி’ என்று இருக்கிறது. ஸ்லைடில் பார்த்தால் ஒரு செல் மட்டும் வரிசையாகப் போகக்கூடிய குழாயில் நான்கைந்து வெள்ளணுக்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். இதை எண்ணி மதிப்பெண் போடும் முறைக்கு பான்ஃப் என்று பெயர். 1991-இல் கனடாவின் பான்ஃப் ஊரில் கூடி வகுத்ததால் அந்தப் பெயர். ஆன்டிபாடியும் இல்லாமல் சி4டியும் இல்லாமல் நுண்குழாய் அழற்சி மட்டும் இருப்பவர்களுக்கு 2022 திருத்தத்தில்தான் தனிப் பெட்டி கிடைத்தது. நீங்கள் இப்போது அந்தப் பெட்டியில் இருக்கிறீர்கள்.

அந்தப் பெட்டியில் உள்ளவர்களுக்குக் ‘காணாமல் போன சுயம்’ காரணமாக இருக்கலாம் என்று 2019-இல் பிரான்சின் லியோன் நகரில் ஒலிவியே தோனா குழு எழுதியது. நோயாளிகளின் மரபணுக் கணக்கு, கண்ணாடிக் குடுவையில் செல்கள், எலிகள் என்று மூன்று பக்கமும் காட்டினார்கள். பிறகு பெல்ஜியத்தின் லூவன் நகரிலிருந்து வந்த ஆய்வும் அதே திசையில் இருந்தது. என் கணிப்பில் இது நம்பத்தகுந்த விளக்கம். ஆனால் ஒரு தனி நோயாளியைக் காட்டி ‘உனக்கு இதனால்தான்’ என்று அடித்துச் சொல்லும் பரிசோதனை ஆஸ்பத்திரிக்கு இன்னும் வரவில்லை. உங்கள் டாக்டர் ‘இருக்கலாம்’ என்று சொன்னது மழுப்பல் இல்லை, அதுதான் நேர்மையான சொல். அதே சமயம் இதை ‘ஆன்டிபாடி இல்லையே, ஒன்றுமில்லை’ என்று விட்டுவிடவும் கூடாது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் 6,798 பேரின் 16,293 பயாப்சிகளைப் புதிய முறையில் மறுபடி படித்துப் பார்த்தார்கள். உங்களைப் போன்ற பெட்டியில் விழுந்தவர்களுக்குச் சிறுநீரகத்தை இழக்கும் அபாயம், நிராகரிப்பே இல்லாதவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு. முன்பு ‘நிராகரிப்பு இல்லை’ என்று எழுதி அனுப்பிய பயாப்சிகள் அதில் நிறைய இருந்தன. இரு மடங்கு என்றதும் பதறாதீர்கள். கவனமாகப் பின்தொடர வேண்டும் என்பதற்குத்தான் அந்த எண்.

என்கே செல்லின் மேல் பழி போடுவதற்கு முன் மற்ற சந்தேகங்களைத் தீர்த்தாக வேண்டும். என் அனுபவம் உங்களுக்கு உதவுவது இங்கேதான். ஆன்டிபாடி நெகட்டிவ் என்றால் எந்தெந்த எச்எல்ஏ இடங்களுக்கு எதிராகப் பார்த்தார்கள்? ஏ, பி, டிஆர், டிக்யூ மட்டும் பார்த்துவிட்டு சி, டிபி பார்க்காமல் விடுவது நடக்கும். பார்த்திருந்தாலும் அக்காவுக்கு அந்த இடங்களில் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் ஒப்பிட முடியாது. ஆய்வகத்துக்கு ஆய்வகம் ‘இதற்குக் கீழே நெகட்டிவ்’ என்ற வரம்பும் மாறும். சில சமயம் ஆன்டிபாடி முழுக்கச் சிறுநீரகத்திலேயே ஒட்டிக்கொண்டு ரத்தத்தில் மிஞ்சாமல் இருக்கும். எச்எல்ஏ அல்லாத புரதங்களுக்கு எதிரான ஆன்டிபாடிகளும் உண்டு, வழக்கமான பரிசோதனையில் அவை வராது. ஏதாவது தொற்று, கூடவே டி செல் நிராகரிப்பு, சிறுநீரகத்தின் பழைய நோய் திரும்பி வந்தது, இவையும் இதே போன்ற படத்தைக் காட்டக்கூடும். அப்புறம், நிராகரிப்பைத் தடுக்க நீங்கள் சாப்பிடும் டாக்ரோலிமஸின் ரத்த அளவு. மாத்திரையை விடவில்லை என்கிறீர்கள், நம்புகிறேன். ஆனால் விடாமல் சாப்பிட்டும் ரத்தத்தில் அளவு ஏறி இறங்கிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. கடந்த இரண்டு வருட அளவுகளை ஒரு தாளில் தேதியோடு எழுதிக்கொண்டு போங்கள். டாக்டர் அதைப் பார்த்ததும் பாதி விஷயம் புரிந்துகொள்வார்.

மருந்து உண்டா? நீங்கள் சாப்பிடும் டாக்ரோலிமஸ் முக்கியமாக டி செல்லுக்கானது. மைக்கோஃபெனோலேட் செல் பெருகுவதைத் தடுக்கும். ஸ்டீராய்டு எல்லாவற்றையும் கொஞ்சம் அடக்கும். என்கே செல் இவற்றால் ஓரளவு தளரும், ஆனால் எதிரில் பிரேக் இல்லாத செல் நிற்கும்போது கொல்லும் திறன் பெரிதாகப் போவதில்லை. நம்பிக்கை தரும் செய்தி 2024-இல் வந்தது. ஃபெல்சார்டமாப் என்ற மருந்தை வியன்னா, பெர்லின் மருத்துவர்கள் 22 நோயாளிகளிடம் சோதித்தார்கள். அது சிடி38 என்ற புரதத்தைக் குறிவைப்பது. அந்தப் புரதம் ஆன்டிபாடி தயாரிக்கும் பிளாஸ்மா செல்லிலும் இருக்கிறது, என்கே செல்லிலும் இருக்கிறது. ஆறு மாதம் கழித்து எடுத்த பயாப்சியில் மருந்து பெற்ற 11 பேரில் 9 பேருக்கு நிராகரிப்பின் அடையாளங்கள் மறைந்திருந்தன. போலி மருந்து பெற்றவர்களில் அந்தப் பயாப்சி எடுத்த 10 பேரில் 2 பேருக்குத்தான் மறைந்தது. மருந்தை நிறுத்திய பிறகு அந்த 9 பேரில் 3 பேருக்குத் திரும்பி வந்தது. இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது, அவர்கள் எல்லோரும் ரத்தத்தில் ஆன்டிபாடி உள்ளவர்கள். உங்கள் வகைக்கும் அதே பலன் கிடைக்கும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. லியோன் குழு எலிகளில் ராபமைசின் கொடுத்து என்கே செல்லை அடக்கிக் காட்டியது. ராபமைசின் சிறுநீரகம் மாற்றியவர்களுக்கு ஏற்கெனவே பயன்படும் மருந்துதான். ஆனால் இந்தக் காரணத்துக்காக மனிதர்களில் மாற்றிக் கொடுப்பது நிரூபிக்கப்படவில்லை, அதற்கு அதன் சொந்தப் பக்கவிளைவுகளும் உண்டு. டாக்டரிடம் கேட்கலாம். நீங்களாக மாற்றிவிடாதீர்கள்.

என்கே செல்லை அடியோடு ஒழித்துவிட்டால் என்ன என்று தோன்றும். வேண்டாம். சைட்டோமெகலோ வைரஸை, அதாவது மாற்று உறுப்பு பெற்றவர்களைப் பாடாய்ப்படுத்தும் சிஎம்வியை, அடக்கி வைப்பதில் அதற்குப் பெரிய பங்கு. மருந்துகளால் எதிர்ப்பு குறைந்த உடம்பில் புற்றுநோய் தலைதூக்காமல் பார்ப்பதும் அதுதான். எலிகளில், கொடுத்தவரின் உறுப்போடு ஒட்டிக்கொண்டு வரும், அந்நியத்தை டி செல்லுக்குக் காட்டிக்கொடுக்கும் டென்ட்ரிட்டிக் செல்களைக் கொன்று, டி செல் உசுப்பப்படுவதையே அது குறைத்திருக்கிறது. எலும்பு மஜ்ஜை மாற்றத்தில் இந்தக் கதை அப்படியே தலைகீழ். அங்கே கொடுப்பவரின் என்கே செல் நோயாளியின் மிச்ச ரத்தப் புற்று செல்லில் அடையாளம் இல்லாததைக் கண்டு கொன்றுவிட்டால் அது வரம். இத்தாலியின் பெருஜியா நகர மருத்துவர்கள் 2002-இல் இதை எழுதியபோது நாங்கள் எல்லோரும் வாய் பிளந்து படித்தோம். பின்னால் வந்த ஆய்வுகள் சில ஒத்துப்போயின, சில ஒத்துப்போகவில்லை. கல்லீரலில் இன்னும் விசித்திரம், தானம் தந்தவரின் என்கே செல்கள் பெற்றவரின் உடம்பில் 13 வருடம் வரை அந்தக் கல்லீரலிலேயே குடியிருந்ததைப் பார்த்திருக்கிறார்கள்.

இணையத்தில் தேடினால் என்கே செல் பற்றிக் கருத்தரிப்பு மையங்களின் விளம்பரங்கள் வரும். ரத்தத்தில் என்கே செல்லை எண்ணிப் பார்க்கும் பரிசோதனையும் விற்பார்கள். உங்களுக்கு அதில் பயன் இல்லை. எண்ணிக்கை உங்கள் நுண்குழாயில் என்ன நடக்கிறது என்று சொல்லாது. யாராவது அக்கறையோடு எதிர்ப்பு சக்திக்கென்று கஷாயமோ, சீந்தில் பொடியோ, காப்ஸ்யூலோ கொடுத்தால் வாங்கி ஓரமாக வைத்துவிடுங்கள். எதிர்ப்பு சக்தியை அடக்கி வைத்துத்தான் அக்காவின் சிறுநீரகம் ஓடுகிறது. சீந்திலால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிக் கொரோனாவுக்குப் பிறகு நம் நாட்டு மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள். பப்ளிமாஸ் பழமும் வேண்டாம், அது ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவை ஏற்றிவிடக்கூடியது.

அக்காவிடம் இதைச் சொல்லுங்கள். அவர் சிறுநீரகத்தில் குறை இருந்திருந்தால் நான்கு வருடம் 1.2-இல் நின்றிருக்காது. உங்கள் என்கே செல் தேடுவது அம்மா உங்களுக்குக் கொடுத்து அவருக்குக் கொடுக்காத ஒரு அடையாளத்தையாக இருக்கலாம். அவ்வளவுதான். அது அவர் சிறுநீரகத்தின் பழுது கிடையாது. அவருடைய உடம்புக்குள் இருந்த வரை அதில் எந்தக் குறையும் இல்லை, இன்னொன்று அவரிடமே இப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. வருடம் ஒரு முறை அவரும் கிரியாட்டினின், ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம் பார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் கவலையில் அவர் அதை மறந்திருந்தால் நினைவுபடுத்துங்கள்.

அடுத்த முறை போகும்போது அறுவைக்கு முன் எடுத்த திசுப் பொருத்த ரிப்போர்ட்டைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் பெயருக்கு நேரேயும் அக்கா பெயருக்கு நேரேயும் ஏ, பி, டிஆர் தவிர ‘சி’ என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். பழைய ரிப்போர்ட்டுகளில் ‘சிடபிள்யூ’ என்றும் போட்டிருப்பார்கள். இருந்தால் சி1, சி2 கணக்கை உங்கள் டாக்டரோ ஆய்வகமோ ஐந்து நிமிடத்தில் போட்டுவிடுவார்கள். இல்லையென்றால் பொருத்தம் பார்த்த ஆய்வகத்தில் கேளுங்கள். பல ஆய்வகங்கள் மிச்ச டிஎன்ஏ-வை மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசரில் வருடக்கணக்கில் வைத்திருக்கும். நாங்கள் வைத்திருந்தோம். உங்களுடையதும் இருந்தால், அக்காவை மறுபடியும் ஊசி குத்தாமலே பார்த்துவிடலாம்.